கடல்தண்ணீருக்கு மலாயில் என்ன பெயர்

நேற்று மகன் என்னைக் கடலோர ஊரான உம்பாய்க்கு மீன் சாப்பிடக் கூட்டிப்போனான். கடை வாசலில் வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள், உள்ளே உயிர்மீன். எது வேண்டுமென்று விரலைக் காட்டினால் அதை அள்ளிக்கொண்டு போய்ச் சமைக்கிறார்கள். பக்கத்தில் நின்றபோது அந்த வாடை வந்தது. ஈர மணலும் துருவும் உப்பும் கலந்த வாடை. செலண்டார் எஸ்டேட் வீட்டு முன்னறையில் நீங்கள் குடியேற்றிய அதே வாடை. எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நன்றாகவே சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்களுக்கு எழுதத் தோன்றியது.

அப்போது நமக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மலாயாவில் வெள்ளைக்காரர் ஆட்சி, அவசரகாலம். நீங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸர்; காயத்துக்குக் கட்டுப்போடுவதிலிருந்து பிரசவம் வரைக்கும் எல்லாம் நீங்கள்தான். நான் மலாக்கா டவுனில் மளிகைக்கடைக்காரர் மகள். குடியிருப்பைச் சுற்றி முள்கம்பி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. காட்டுக்குள் இருந்து சண்டைபோடும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடக் கூடாதென்று அரிசியும் உப்பும் அளந்துதான் கிடைக்கும். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் உங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: டவுனுக்குக் கூட்டிப்போய் ஒரு படம் காட்டுங்கள். சரி என்றீர்கள். எஸ்டேட் லோரியில் போனோம். போய் இறங்கிய இடம் தியேட்டர் இல்லை, கடலோரத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பங்களா.

அவர் சீமைக்குத் திரும்புகிறார், அவர் வளர்த்த கடல்மீன் தொட்டியைத் தூக்கிப்போக ஆள் தேடுகிறார் என்று அவருடைய சமையல்காரர் உங்கள் காதில் போட்டிருக்கிறார். இரும்புச் சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி, அடியில் கற்பலகை. அதைப் பார்த்ததும் உங்கள் முகம் மலர்ந்ததே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண் பார்க்க வந்த அன்று என்னைப் பார்த்துக்கூட நீங்கள் அப்படி மலரவில்லை.

"இதக் கொண்டுபோயி என்னங்க பண்ணப் போறீங்க?"

"வளக்கப் போறேன்."

"திங்க முடியாத மீனையா?"

"பாக்கறதுக்குலா."

அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். நீங்களும் லோரி டிரைவர் மாரிமுத்து அண்ணனும் வேலையில் இறங்கினீர்கள். தொட்டித் தண்ணீரை வீணாக்காமல் கழுவின மண்ணெண்ணெய் டின்களில் மொண்டு நிரப்பி, போதாததற்குக் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கடலில் இறங்கி இன்னும் சில டின்கள் பிடித்தீர்கள். மணலைக் கழுவாமல் ஈரத்தோடு சாக்கில் கட்டச் சொன்னீர்கள். அந்த அழுக்கில்தான் தொட்டியின் உயிரே இருக்கிறதாம். காலித் தொட்டியைச் சுற்றி லாலாங் புல்லைத் திணித்து ஆடாமல் நிறுத்தினீர்கள். மீன்கள் மூன்று, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. அவற்றை ஊறுகாய் ஜாடியில் விட்டு, ஜாடியை என் மடியில் வைத்தீர்கள். கோபத்தில் இருக்கிற பெண்டாட்டியின் மடிதானா கிடைத்தது?

செலண்டாருக்கு முன்னால் சோதனைச் சாவடி. மாத்தா ஒருவர், போலீஸ்காரர், லோரியில் ஏறி டின் மூடியைத் திறந்தவர் சார்ஜனைக் கூப்பிட்டார். இது என்ன என்று சார்ஜன் மலாயில் கேட்டார். நாம் உப்புத்தண்ணி என்போம். நீங்கள் அதை அப்படியே மலாயாக்கி, "ஆயர் காரம், துவான்" என்றீர்கள். நம் அடுப்படியில் காரம் என்றால் மிளகாய்; அவர்களுக்குக் காரம் என்றால் உப்பு. உப்பைக் கரைத்து டின் டின்னாகக் காட்டோரத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று நீங்களே வாக்குமூலம் கொடுத்தாயிற்று. மருந்து காட்டுக்குப் போகிறதோ என்று டிரஸர்கள்மேல் ஏற்கெனவே ஒரு கண் இருந்த காலம். சார்ஜன் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். உப்புதான். உங்களை இறக்கி ஓரமாக நிறுத்தி, விலங்கு எடுத்துவரச் சொன்னார்.

பக்கத்துத் தோட்டத்தில் அப்படி இறக்கப்பட்டவர் ஒருவர் உண்டு. வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை, ஆளும் திரும்பவில்லை. அவர் மனைவி உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து தூக்கத்துக்கு மருந்து கேட்டுக்கொண்டு நிற்பாள். எனக்கு அவள் முகம்தான் வந்தது.

என் மலாய் கடையில் வளர்ந்த மலாய். ஜாடியோடு இறங்கிப்போய், "ஆயர் காரம் இல்ல துவான், ஆயர் லாவுட்" என்றேன். கடல்தண்ணீர், இந்த மீனுக்குக் கடல்தண்ணீர்தான் வேண்டும் என்று மலாயிலேயே விளக்கினேன். அவர் ஜாடியைப் பார்த்தார். ஏதோ ஓர் ஆற்றுமீனை மேலே காட்டிவிட்டு உப்பைக் கடத்துகிறீர்கள், இது கடல்மீன் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார். கேள்வியில் தப்பில்லை. அவரிடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன்.

சாவடி மேசையில் அவர் குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் கோப்பை இருந்தது. ஜாடிக்குள் கையை விட்டு ஒரு மீனைப் பிடித்து அதில் போட்டேன்.

"ஐயோ, செத்துப்போயிரும்! எடுத்துரு, எடுத்துரு!" என்று கத்தினீர்கள்.

"நீங்க பேசாம இருங்க."

பங்களாவை விட்டுக் கிளம்பிய பிறகு நான் உங்களோடு பேசிய முதல் பேச்சு அது. மீன் ஒரு சுற்றுச் சுற்றியது. வாயைத் திறந்து திறந்து மூடியது. பக்கவாட்டில் சாய்ந்தது. சார்ஜன் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும்தான். அது அசைவு நின்று மிதந்த பிறகு அவர் கோப்பையைத் தரையில் கவிழ்த்துவிட்டு, "பெர்கிலா" என்றார், போங்கள் என்று.

வீட்டில் தொட்டியை இறக்கித் தண்ணீர் ஊற்றினால் ஒரு மூலையில் கண்ணாடியை ஒட்டியிருந்த புட்டிப் பசை விட்டுப்போய் ஒழுகியது. தண்ணீரை மறுபடி டின்களில் மொண்டு, புதுப் புட்டி வைத்து, அது இறுகும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவரை மீனுக்குக் காற்று? ஆஸ்பத்திரி ரப்பர் குழாயைச் சைக்கிள் பம்பில் மாட்டி ஜாடிக்குள் விட்டீர்கள். நீங்கள் டியூட்டிக்குப் போகும் நேரமெல்லாம் நான் பம்படித்தேன். மிச்சம் இரண்டும் செத்துப்போனால் அந்த ஒன்று எதற்காகச் செத்தது?

இரண்டும் அடுத்த தீபாவளியையும் தாண்டி இருந்தன. நீங்கள் சாவடிக் கதையை யாரிடமும் சொல்லவில்லை, என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை. ஒரே ஒரு தடவை, தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டீர்கள்.

"அந்த ஆளு இன்னொண்ணும் போடுன்னு சொல்லியிருந்தா?"

"போட்டிருப்பேன்."

"மூணாவதும்?"

"தொட்டியையும் சேத்து ஒடச்சிருப்பேன்."

நீங்கள் துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தீர்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டில் பேசி முடித்த கல்யாணம் நம்முடையது. உங்களைப் பிடித்திருக்கிறதா என்று அந்தக் காலையில் யாராவது கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன், படம் காட்டாத கோபம் வேறு. அந்தக் கோப்பையின் முன்னால் என் கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. உங்கள்மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்பது அங்கேதான் எனக்கே தெரிந்தது.

போன வருடம் உங்களைச் சேர்த்திருந்த பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். மகன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. எதைக் கொடுத்தால் இவரை விடுவீர்கள் என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. யாரிடம் கேட்பதென்றுதான் இன்னும் தெரியவில்லை.