வெறுங்கல் ஓடிய சத்தம்

மில் வீடு,
பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

மொட்டை எழுதுகிறேன். நீ சிறுவயதில் வைத்த பட்டப்பெயர் இப்போதுதான் எனக்கு முழுசாகப் பொருந்தியிருக்கிறது. தலையில் பேருக்குக்கூட ஒரு முடி கிடையாது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அந்த ஊர்க் குளிருக்கு வெந்நீர்ப் பையை விடாதே. போனில் கூப்பிட்டால் "சரி, செலவாகும், வை" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நம் ஊருக்கு நூறு வயதாகிறது. கால்வாய் வெட்ட வந்து கூடாரம் போட்ட சில குடும்பங்கள் அப்படியே தங்கிப்போனதுதான் இந்த ஊர். அந்தக் குடும்பங்களின் கிளைகளை எல்லாம் நூலகத்துப் பெரிய சுவரில் ஒரு மரமாக வரையப்போகிறோம். விவரம் சேர்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே போய்த் தலையைக் கொடுத்தேன். மாவு மில்லை மகனிடம் விட்டுவிட்டு வீடு வீடாக அலைகிறேன். என்னைத் தூரத்தில் கண்டாலே, "வம்சக்காரர் வர்றாரு, கதவைச் சாத்து" என்கிறார்கள்.

விதி ஒன்றே ஒன்றுதான். பிறந்தவர் எல்லோருக்கும் ஓர் இலை. ஓடிப்போனவன், சிறைக்குப் போனவன், பிறந்த அன்றே இறந்தது, யாரையும் விடுவதில்லை. பெயிண்டர் தூரிகையைத் தொடுவதற்கு முன்னால், அந்தந்த வீட்டார் எதிரில் அவர்கள் கிளையை உரக்கப் படித்துக் காட்டுவேன். அவர்கள் சரி என்றால்தான் அது சுவருக்குப் போகும்.

பக்கத்து ரொட்டிக்கடை அம்மாவோடுதான் பெரிய போர். அவர் கணவர் வெளியூரில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தாரே, அந்த இரண்டு பிள்ளைகளையும் போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். "அந்த மனுசன் ஆடுன கூத்துக்கு நான் ஏன்ப்பா சுவத்துல நிக்கணும்?" என்று அழுதார். பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டேன். மூக்கைச் சிந்திவிட்டு, "போட்டுத் தொலை" என்றார்.

நம் கிளையை இதோடு அனுப்பியிருக்கிறேன். நீ தூரத்தில் இருப்பதால் படித்துக் காட்ட வழியில்லை. உன் பெயர், அத்தான் பெயர், அதற்குக் கீழே 'மக்கள் இல்லை'. சரி என்று ஒரு வரி எழுதிப் போடு.

உன் அன்புத் தம்பி


பிப்ரவரி 24

அன்புள்ள மொட்டைக்கு,

முட்டி அப்படியேதான் இருக்கிறது. படியேறும்போது என்னைவிட அதுதான் அதிகம் பேசுகிறது. ரொட்டிக்கடை அம்மா கதையைப் படித்துச் சிரித்தேன், உன்னை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. கடைசித் தாளைப் பார்க்கும்வரை.

சரி என்று எழுத முடியவில்லை. எனக்கு ஒரு மகள் இருந்தாள்.

நாம் இரண்டு பேரும் இதை ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. கால்வாயை அளக்க வந்தவன் அளந்து முடித்ததும் போய்விட்டான். அவனுக்கு இலை வேண்டாம், அவன் இந்த ஊர்க்காரனும் இல்லை. ஆனால் அவள் இந்த ஊரில் பிறந்தாள். ஒரு மழைக்காலம் முழுக்க மில்லின் பின்னறையில் இருந்தாள். கல்யாணமாகாத பெண்ணின் குழந்தை அழுவது வெளியே கேட்கக்கூடாது என்று, அவள் அழும்போதெல்லாம் அம்மா மில்லை ஓட்டினாள். அம்மா கண்ணைக் காட்டுவாள், நீ சுவிட்சைப் போடுவாய். பிறகு காய்ச்சல் வந்து போய்விட்டாள். கொல்லையில் எலுமிச்சை மரத்தடியில் வைத்தோம்.

அத்தானிடம் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். அந்த மனிதர் கண்மூடும்வரை ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. அவருக்கும் எனக்கும் பிள்ளை பிறக்கவில்லை. எனக்கு எழுபது ஆகப்போகிறது. நான் போனபிறகு அவள் இருந்தாள் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

பிறந்தவர் எல்லோருக்கும் ஓர் இலை என்று நீதான் எழுதியிருக்கிறாய். அவளுக்கும் ஒன்று போடு. உன்னிடம் நான் வேறு எதுவும் கேட்டதில்லை.

உன் அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மில்லில் வைத்துப் படித்தேன். வீட்டில் பிரிக்கத் தைரியம் வரவில்லை.

நான் மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. 'மக்கள் இல்லை' என்று எழுதும்போது கை நின்றது. உனக்காகத்தான் எழுதினேன். அம்மா கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ பேரு கெடாம பாத்துக்கடா" என்றாள். இதுநாள்வரை பார்த்துக்கொண்டேன். ஊரில் ஒரு ஈ, காக்கைக்குத் தெரியாது. இன்றைக்கும் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால், "மில்காரர் பொண்ணா, தங்கமான பொண்ணாச்சே" என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த இலையைப் போட்டால் எல்லோரும் அதன் முன்னால் நின்று விரல்விட்டு எண்ணுவார்கள். கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்று. நீ அங்கே இருந்துவிடுவாய். பதில் சொல்ல நான்தானே இங்கே இருக்கவேண்டும்? மருமகள் இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள், அவள் காதுக்கும் போகும்.

ஊருக்கு ஒரு விதி, உன் வீட்டுக்கு ஒரு விதியா என்று கேட்பாய். ஆமாம், அப்படித்தான். திட்டிக்கொள்.

உன் தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

திட்டவில்லை. நீ எப்போதும் அம்மா பிள்ளை.

ஒன்று மட்டும் செய். எல்லோருக்கும் செய்வதை எனக்கும் செய். என் கிளையை எலுமிச்சை மரத்தடியில் நின்று உரக்கப் படி. 'மக்கள் இல்லை' என்று அங்கே நின்று சொல்ல உனக்கு வாய் வந்தால், அப்படியே வரையச் சொல்லிவிடு. அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

திறப்பு விழாவுக்கு வரலாம் என்று டிக்கெட் விசாரித்து வைத்திருந்தேன். உன் பதிலைப் பார்த்துவிட்டு எடுக்கிறேன்.

உன் அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குப் பதில் போடாமல் இருந்ததற்கு முதலில் மன்னித்துவிடு. மரத்தடியில் போய் நின்றேன். வாய் வரவில்லை. ஆனாலும் பெயிண்டரிடம் போய், இருக்கிறபடியே வரைந்துவிடச் சொன்னேன். அதுதான் நடந்தது.

முந்தாநாள் திறப்பு விழா. நூலகத்தில் நிற்க இடமில்லை. அவரவர் இலையைத் தேடிப் பிடித்துத் தொட்டுப் பார்க்கிறார்கள், ஆளாளுக்குப் போட்டோ எடுக்கிறார்கள். நான் மாப்பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ரொட்டிக்கடை அம்மா கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். தன் கிளையைப் பார்க்கவில்லை, நேராக நம் கிளைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏம்ப்பா, அக்கா புள்ளை எங்கே?"

"எந்தப் பிள்ளைம்மா?" என்றேன்.

"மழைக்காலத்துல பொறந்துச்சே, அந்தப் புள்ளைதான்."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரு வந்து சொல்லணும்? தானியம் இருந்தா மில்லுச் சத்தம் கனமா இருக்கும். வெறுங்கல்லு ஓடுனா கிர்ருனு பல்லு கூசும். மழையில ஊரே முடங்கிக் கெடக்கு, யாரு அரைக்க வருவா? உங்க மில்லு மட்டும் வெறுங்கல்லை ஓட்டிக்கிட்டே இருந்துச்சு. தெருவே கேட்டுக்கிட்டுதான் இருந்தோம். கல்லு நின்னா, 'அப்பாடா, புள்ளை தூங்கிடுச்சு'ன்னு நாங்களும் படுப்போம். ஒருநாள் நின்னது, அப்புறம் ஓடவே இல்லை. அன்னிக்கு எங்க கடையில அடுப்புப் பத்தவைக்கல."

அக்கா, வாழ்நாள் முழுக்க அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வெறுங்கல்லை ஓட்டினால் அந்தச் சத்தத்தை வைத்தே வாசலிலிருந்து மகனைத் திட்டுகிறவன் நான். எனக்கு இது தோன்றவே இல்லை.

"எங்க வீட்டுக்காரரோட புள்ளைங்களைப் போடச் சொல்லி என்னை அழவச்சியே. சொந்த அக்கா மகளை விட்டுட்டியே" என்றார். அத்தனை பேர் எதிரில் தலைகுனிந்து நின்றேன்.

நேற்றே 'மக்கள் இல்லை' என்பதைச் சுரண்டி எடுத்தாயிற்று. இலையும் வரைந்தாயிற்று. உள்ளே எழுதப் பெயர் வேண்டும், பெயிண்டரை நிறுத்தி வைத்திருக்கிறேன். நீ அவளை என்னவோ சொல்லி மெதுவாகக் கூப்பிடுவாய். மில் சத்தத்தில் எனக்கு ஒருநாளும் அது கேட்டதில்லை. பெயரை எழுது. டிக்கெட்டும் எடு.

உன் தம்பி மொட்டை


ஜூன் 8

தம்பிக்கு,

ரொட்டிக்கடை அம்மா சொன்னதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவளுக்காக அழுதது நான் ஒருத்திதான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவள் தூங்குவதற்காக ஒரு தெருவே காத்திருந்திருக்கிறது. அடுப்புப் பற்றவைக்கவில்லை என்ற இடத்தில் கடிதத்தை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அவரிடம் நேரில் போய் என் நன்றியைச் சொல்.

உன்மேல் கோபம் இருக்கிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது? நான் கேட்டபோது நீ போடவில்லை. மரத்தடியில் உனக்கே வாய் வராதபோதும் போடவில்லை. ஊருக்கு முன்பே தெரியும், இனிப் பயப்பட ஒன்றுமில்லை என்று ஆனபிறகு போட்டாய்.

அன்று சுவிட்சைப் போட்டதற்கு உன்னை நான் குறை சொன்னதே இல்லை. நீ சின்னப்பையன், அம்மா சொன்னாள், செய்தாய். தலை மொட்டையான இந்த வயதில் மறுபடியும் அதே சுவிட்சைப் போட்டாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பெயரைத் தரமாட்டேன். அது அவள் காதில் மட்டும் விழுந்த பெயர், என்னோடே இருக்கட்டும். இலையை வெறுமையாக விட்டுவிடு. இது யார் என்று கேட்பவர்களிடம் எல்லாம், என் அக்கா மகள் என்று நீயே உரக்கச் சொல். கேட்கிற ஒவ்வொருவரிடமும் சொல்.

டிக்கெட் எடுக்கவில்லை. நான் ஏன் வரவில்லை என்று ஊரில் கேட்டால் முட்டிவலி என்று சொல்லி வைக்காதே. காரணத்தைச் சொல்.

எலுமிச்சைக்குத் தண்ணீர் ஊற்று.

அக்கா