பீட்ரூட் தண்ணீரில் என் கால்

மே 4, 1998
துவார்த்தே காலையிலேயே வந்துவிட்டான். என் தம்பி மகன். தம்பி போனபின் தோட்டம் அவன் கையில். கூடவே ஒரு விளம்பரக்காரன், சென்ட் பாட்டிலுக்குள் விழுந்து எழுந்தவன் போல. இந்த நெடியோடு பீப்பாய் அறைக்குள் வராதே என்றேன். பல்லைக் காட்டினான்.

திராட்சைத் தோட்டத்துக்கு இருநூறு வயதாகிறதாம். ஜூன் 24, ஜான் புனிதர் திருநாளில் விருந்து. தோட்டத்தின் வரலாறு என்று ஒரு புத்தகம். ஒரு தனி ஒயின். அதன் லேபிளில் என் பெயர்!

தம்பிக்கு ஒயினுக்கும் காடிக்கும் வித்தியாசம் தெரியாது. அவன் காலம் முழுக்க ஒயினைச் செய்தது நான். எல்லாப் புட்டியிலும் அவன் பெயர்தான் இருந்தது.

லியோனில்தே. சமையலறையில் யாரும் இல்லாதபோது சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். இந்த வயதில் இதென்ன வெட்கம்?

மே 12
புத்தகத்தில் என்னைப் பற்றிய பக்கம் வந்தது. "தந்தை தன் இளம் மகளை அன்போடு கைப்பிடித்துக் கல்தொட்டிக்குள் இறக்கினார். டோரோ ஆற்றங்கரையின் முதல் பெண் ஒயின் கலைஞர் அன்று பிறந்தார்."

கைப்பிடித்தாராம். தூ!

சமையல்கார தியோலிந்தாவுக்குப் படித்துக் காட்டினேன். சின்ன வயதிலிருந்து என்னோடு இருப்பவள். உப்பு மீனை அலசிக்கொண்டே, "கையையா பிடிச்சாரு? மயிரையில்ல பிடிச்சாரு" என்றாள்.

மே 13
எழுதிவிடுகிறேன். வேறு யார் எழுதப்போகிறார்கள்?

எனக்கு அப்போது பத்தொன்பது. பெண்கள் பழம் பறிக்கலாம், கூடையில் கொட்டலாம். தொட்டியில் இறங்கி மிதிப்பது ஆண்கள் வேலை. பெண் கால் பட்டால் ஒயின் கெட்டுவிடும் என்பார்கள். அன்று ஞாயிறு. ஆண்கள் தேவாலயப் பூசைக்குப் போனவர்கள் அப்படியே குடிக்க உட்கார்ந்துவிட்டார்கள். தொட்டியில் சாறு பொங்கி, தோல்கள் மேலே ஏறிக் காய்ந்துகொண்டிருந்தன. அமுக்காமல் விட்டால் காடிதான். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அப்பா வந்தார். முடியைப் பிடித்து வெளியே இழுத்தார். அடித்தார், அதுகூடப் போகட்டும். தொட்டி அடைப்பைப் பிடுங்கச் சொன்னாரே — முழுத் தொட்டி! நல்ல சாறு! பன்றிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது என்றார்.

கீழே, ஒலிவ மரங்களுக்கு நடுவில் வடிகால் விழும் இடத்தில், பழம் பறிக்கும் பெண்கள் வாளிகளோடு நின்றார்கள். தியோலிந்தாவின் அம்மாதான் முதல் ஆள். அவள் வீட்டு ஆட்டுக்கொட்டகையில் ஒரு பழைய பீப்பாயில் ஊற்றி வைத்தார்கள். தினமும் அப்பாவுக்குத் தெரியாமல் போய் நான் பார்த்துக்கொண்டேன். அதுதான் என் முதல் ஒயின்.

நவம்பரில் மார்ட்டின் புனிதர் நாள் வந்தது. செஸ்ட்நட் கொட்டைகளைச் சுட்டு, புது ஒயினைத் திறக்கும் நாள். தியோலிந்தாவின் அம்மா வேண்டுமென்றே ஒரு கூஜா கொண்டுவந்து அப்பாவுக்கு ஊற்றினாள். குடித்துவிட்டு மறுபடி நீட்டினார்.

"யாரு வீட்டுது இது? இதுதான்யா ஒயின்!"

"பக்கத்து ஊருதுங்க ஐயா."

மே 15
துவார்த்தேயிடம் இதைப் போடச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

"சாக்கடையில வடிஞ்சதைக் குடிச்சோம்னு சொன்னா எவன் வாங்குவான் அத்தை? தாத்தா பேரு என்னாகும்?"

"நடந்தது அதுதாண்டா."

"விருந்துல நீங்களே எழுந்து அந்தப் பக்கத்தைப் படிங்க. படிச்சா லேபிள்ல உங்க பேரு. இல்லேன்னா வேற பேரு."

குழந்தைக்கு மிட்டாய் காட்டுவது போலச் சொன்னான். அப்படியும் முடியாது என்று மட்டும் வாயில் வரவில்லை.

ஜூன் 3
படம் எடுத்தார்கள். தொட்டி விளிம்பில் உட்கார வைத்து, கால் இரண்டையும் உள்ளே விடச் சொன்னார்கள். ஜூனில் ஏது பழம்? பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார்கள். நரம்பு புடைத்த கால்களில் பிரஷ் வைத்து வேறு பூசினார்கள். பக்கத்தில் நகத்துக்குச் சாயம் போட்ட ஒரு பெண், குட்டைக் கால்சட்டையில். அவள்தான் இளம்வயது நானாம். "சிரிங்க பாட்டி, அப்பாவை நெனச்சுக்கிட்டுச் சிரிங்க!"

சிரித்தேனே! அதுதான் தாங்கவில்லை. எத்தனை சோப்புப் போட்டும் நாற்றம் போகவில்லை.

ஜூன் 17
லேபிளின் மாதிரிப் பிரதி வந்தது. என் பெயர் அழகாகத்தான் இருக்கிறது. சனியன்.

ஜூன் 25
நேற்று விருந்து. அப்பா படத்துக்கு மாலை, சுற்றிலும் விளக்குகள். படிக்க எழுந்தேன். "தந்தை தன் இளம் மகளை அன்போடு" வரை வந்தது. அடுத்த வார்த்தை வரவில்லை. தியோலிந்தா சுட்ட மத்தி மீன் தட்டோடு கதவோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்க்காமல் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையை இல்லை, முடியை" என்றேன். பிறகு கூஜா வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பரிமாறிய பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு.

துவார்த்தே என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனான். "குடும்ப மானத்தைச் சாக்கடையில ஊத்திட்டீங்களே அத்தை!"

"சாக்கடையில ஊத்தினது உங்க தாத்தாடா. நாங்க அள்ளினோம்."

ஜூலை 8
லேபிள் அச்சாகிவிட்டது. அப்பா பெயர். அவர் பிடுங்கி ஊற்றிய தொட்டிக்கு இதுதான் பரிசு போலிருக்கிறது. பீப்பாய் அறைச் சாவியைக் கேட்டு ஆள் வந்தான். கொடுத்துவிட்டேன். பிறகு கொஞ்ச நேரம் அழுதேன்.

செப்டம்பர் 27
ஞாயிறு. தியோலிந்தா வீட்டுப் பின்னால் சரிவில் கொஞ்சம் கொடிகள் உண்டு. பறித்தோம். ஆடு தண்ணீர் குடிக்கும் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, பழத்தை அதில் கொட்டினோம்.

"இறங்குங்கம்மா. ஆம்பளைங்க எல்லாம் பூசைக்குப் போயிருக்காங்க."

இறங்கினேன். இது பீட்ரூட் இல்லை.

நவம்பர் 11
மார்ட்டின் புனிதர் நாள். துவார்த்தே, தோட்டத்தின் புது ஒயினோடு சமையலறைக்கு வந்தான். இந்த வருடம் செய்தது யாரோ. வாயில் வைத்துத் துப்பினேன். காடி ஏறியிருந்தது. அவனுக்கும் தெரியும் போல, புட்டியை ஓரமாக நகர்த்திவைத்தான்.

தியோலிந்தா எங்கள் ஒயினைக் கூஜாவிலிருந்து அவனுக்கு ஊற்றினாள். குடித்தான். யாருடையது என்று கேட்கவில்லை. கிளாஸை மறுபடி நீட்டினான்.

அவள் கூஜாவைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "யாரு ஒயின்னு சொல்லிக் கேளுங்க தம்பி."

அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். செஸ்ட்நட் ஒன்று வெடித்தது.

"லியோனில்தே ஒயின்" என்றான், வாய்க்குள்ளேயே.

எனக்குக் கேட்டது. தியோலிந்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.