நடுவாசல் சங்கிலி

மார்ச் 3, செவ்வாய்

பஞ்சர் கடையை மதியமே சாத்திவிட்டு அக்காவின் சக்கர நாற்காலியைக் கவனித்தேன். பேரிங்கில் கிரீஸ், இரண்டு பக்கமும் புது டியூப். இனி இதைப் பந்தயத்தில் விட்டாலும் முதல் பரிசுதான்.

ஞாயிற்றுக்கிழமை கடலோரத்தில் இருக்கும் வெள்ளைக்காரன் காலத்துக் கல் வளைவுக்குப் போகிறோம். கால் போனதிலிருந்து அக்கா ஆஸ்பத்திரியைத் தவிர எதையும் பார்க்கவில்லை. “அந்த வளைவுக்குள்ள போய் அந்தப் பக்கம் கடலைப் பாக்கணும்டா” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

“அங்க காவலாளிங்க எல்லாம் நம்ம ஆளுங்கக்கா. நடுவாசல் வழியாவே கூட்டிட்டுப் போறேன்.”

“நீ சொல்றதுல பாதியைக் கழிச்சுட்டுத்தான் நான் காதுல வாங்குவேன்.”

அங்கே எனக்கு ஒருத்தரையும் தெரியாது. அதனாலென்ன? போனால் தெரிந்துவிட்டுப் போகிறது.

மார்ச் 6

அக்கா மகன் விசாரித்துவிட்டு வந்தான். “நடுவாசல்ல சங்கிலி போட்டிருக்காங்க மாமா. பக்கவாசல் பூரா படி. அம்மா தூரத்துல இருந்தே பாக்கட்டும்.”

தூரத்திலிருந்து பார்க்க வீட்டில் மாட்டியிருக்கும் காலண்டர் படம் போதாதா?

வெள்ளைக்காரக் கவர்னர் கப்பலைவிட்டு இறங்கிக் குதிரை வண்டியில் வர, படியில்லாத நடுவாசல். நம்மைப் போன்றவர்களுக்குப் பக்கவாசல். கவர்னர் போய் எத்தனை தலைமுறை ஆயிற்று? சங்கிலி மட்டும் யாருக்குக் காத்திருக்கிறது? நான் எட்டாவதோடு நின்றவன்தான். நஷ்டம் பள்ளிக்கூடத்துக்கு. எனக்கே இது புரிகிறது.

மார்ச் 7

சட்டைக்கு இஸ்திரி போட்டேன். காலர் தீய்ந்தது பெட்டியின் கோளாறு.

மார்ச் 8, ஞாயிறு

காவலாளி மசியவில்லை. “பெரிய மனுஷங்க வந்தாத்தான் அவுப்போம்.”

“இவங்க யாருன்னு தெரியுமா?” என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்துவிட்டார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “போதும்டா, திரும்பிடலாம்.”

திரும்புவதா? நானா?

சங்கிலிக்கு முன்னாலேயே நாற்காலியின் பிரேக்கை இறுக்கினேன். தொண்டையைத் திறந்தேன். இதோ, இந்தக் கல்லில்தான் கவர்னரின் குதிரை முரண்டு பிடித்தது, துரை குப்புற விழுந்தார், மீன்காரி ஒருத்தி சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள் — எல்லாம் அந்த நிமிஷம் வாயில் வந்ததுதான். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்னை வழிகாட்டி என்றே நினைத்துவிட்டார்கள். கூட்டம் பக்கவாசலையும் அடைத்துக்கொண்டது. காவலாளி விசில் ஊதினார். ஒருவரும் நகரவில்லை.

“மீதிக் கதை கடல் பக்கம்! எங்கக்கா இந்த வாசல்ல போனாத்தான் நானும் போவேன்!”

“அந்தம்மாவை விடுப்பா!” என்று கூட்டமே கத்தியது.

சங்கிலி அவிழ்ந்தது. “போய்த் தொலைய்யா” என்றார் காவலாளி. பிறகு மெதுவாக, “குதிரைக்கு என்னாச்சு?”

அக்கா கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூட்டம் மீதிக் கதை கேட்டது, அவள் திரும்பவில்லை. அதிசயம், நானும்தான்.

மார்ச் 11

பக்கத்து வீட்டம்மாவிடம் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்: “நாலு காவலாளி வரிசையா நின்னு சல்யூட் அடிச்சாங்க. என் தம்பியைத் தெரியாதவங்களே அங்க கிடையாது!”

பாதியைக் கழித்தாலும் இரண்டு வருகிறது. இருந்தது ஒருவர். நாற்காலிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன்.