இடதுகைப் பக்கமிருந்து ஒன்பதாவது ஆள்

சேசு மரி சூசை துணை

பாளையம்பட்டி,
14-10-1946

அன்பு மகள் பிலோமிக்கு அப்பா எழுதுவது. சர்வேசுரன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், தங்கவயலில் நீயும் மாப்பிள்ளை தாவீதுராஜும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே இன்னும் மழை இல்லை, கரிசல் வாயைப் பிளந்து கிடக்கிறது, பருத்தி விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்து வைதுகொண்டிருக்கிறார்கள். பேரனுக்கு இருமல் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய், அந்த ஊர்க் குளிரில் அவனுக்குத் தினமும் தலைக்கு ஊற்றாதே, சொன்னால் கேள்.

உன் தம்பி ஜான்ராஜைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சண்டை முடிந்து வருஷம் திரும்பிவிட்டது, காணவில்லை என்று சர்க்கார் காகிதம் வந்ததோடு சரி. மலேயாவுக்குக் கப்பலேறுவதற்கு முன் பட்டாளத்தில் எல்லாரையும் நிற்கவைத்து எடுத்த படம் ஒன்று அனுப்பியிருந்தான், நீ அதைப் பார்த்ததில்லை. உயரம் ஒரு சாண், நீளமோ இரண்டு முழத்துக்கும் மேலே, நூறு பேருக்குக் குறையாது, எல்லாருக்கும் ஒரே தொப்பி, ஒரே மீசை, முகம் ஒவ்வொன்றும் மிளகளவு. லீவில் வந்த பந்தல்குடி சௌந்தரபாண்டியன்தான் அதை மூங்கில் குழாயில் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்து, ரெண்டாவது வரிசையில இடதுகைப் பக்கமிருந்து ஒன்பதாவது ஆள் உங்க ஜான்ராஜ் என்று எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டுப் போனான். போன அவனும் திரும்பவில்லை. அன்றிலிருந்து ஜெபம் முடிந்ததும் படத்தை விரித்து ஆளுக்கொரு தடவை தனித்தனியே அவன் முகத்தைப் பார்ப்போம், பிறகு சுருட்டி வைத்துவிடுவோம். அப்படி விரித்து விரித்தே மேல்பூச்சு வெடிக்கத் தொடங்கிவிட்டது. அவனுடைய வேறு படம் நம்மிடம் ஏது?

அதனால் கண்ணாடி போட்டுவிடலாம் என்று போன மாதம் ஒரு சனிக்கிழமை இருவரும் அருப்புக்கோட்டைக்கு நடந்தோம். முதல் கடைக்காரன் சிரித்தான். இங்கே வருவதெல்லாம் சாமி படம், அதற்குத்தான் சட்டம் இருக்கிறது, இவ்வளவு நீளக் கண்ணாடிக்கு மதுரைக்கு எழுத வேண்டும் என்று அவன் சொன்ன விலையை நான் எழுதவில்லை, கேட்டால் உனக்கு நெஞ்சடைக்கும். அடுத்து ராஜகுரு என்பவர் கடைக்குப் போனோம், தன்மையான மனிதர். ஐயா, முழுப்படத்துக்கும் கண்ணாடி போட்டா உங்களுக்குக் கட்டுப்படியாகாது, உங்க பையனை மட்டும் வெட்டி எடுத்துச் சின்னச் சட்டத்துல ஒட்டித் தாரேன், சல்லிசா முடிஞ்சிரும் என்றார். உன் அம்மா படத்தைப் பிடுங்கிக்கொண்டாள். தனியா மாட்டுறது செத்தவுக படத்தை, எம்பிள்ளை வருவான் என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, வர்றவன் இதுக்குள்ள வந்திருக்க மாட்டானா என்று கடைவீதி என்றும் பாராமல் கத்திவிட்டேன். அவள் படத்தைத் திரும்பவும் கடைப் பலகைமேல் விரித்து வைத்தாள். சரி வெட்டுங்க என்றாள். அவள் சண்டை பிடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் பிலோமி.

ராஜகுரு கத்தியை எடுத்துக்கொண்டு, இதுல யாரு உங்க பையன் என்று கேட்டார். நான் விரலை வைத்தேன், அவளும் வைத்தாள். என் விரல் ஒரு கோடியில், அவள் விரல் மறுகோடியில். நான் பார்க்கிறவனுக்கு எது இடதோ அங்கிருந்து எண்ணியிருக்கிறேன். நிக்கிறது அவுக, அவுகளுக்கு எது இடதுகையோ அதுதானே இடது என்கிறாள் அவள். ஒரே வீட்டில் ஒரே படத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக அவள் ஒரு பையனுக்கு முத்தம் கொடுத்திருக்கிறாள், நான் வேறொரு பையனைப் பார்த்து அழுதிருக்கிறேன். இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தோம். பெற்ற எங்களுக்கு அடையாளம் சொல்லத் தெரியவில்லை.

ராஜகுரு கத்தியைக் கீழே வைத்துவிட்டார். உடைந்த ஜன்னல்களில் மிஞ்சிய கண்ணாடியை இரண்டு துண்டாக அறுத்து ஒட்ட வைத்துத் தருகிறேன், செலவு கைக்கு அடக்கமாக முடியும் என்றார். சட்டத்துக்கு நம் ஆசாரி சோணைமுத்து பழைய கதவின் ரீப்பர்க் கட்டையை இழைத்துக் கொடுத்தான். ஒட்டுகிற கோடு எங்கள் இரண்டு பையன்கள் மேலும் விழாமல் நான் பார்த்துக்கொண்டேன், அது நடுவில் வேறொருவன் முகத்தில் விழுந்தது. இவனைப் பெத்தவ எங்க இருக்காளோ என்று உன் அம்மா அதன்மேல் கையை வைத்து மறைத்தாள். ராஜகுரு கண்ணாடியைத் திரும்ப அறுத்து, கோடு இரண்டு தோள்களுக்கு நடுவில் விழும்படி செய்து கொடுத்தார். இப்போது படம் மேற்குச் சுவர் முழுக்க நிற்கிறது. ஜெபம் முடிந்ததும் அவள் அவள் கோடியில் நிற்கிறாள், நான் என் கோடியில் நிற்கிறேன்.

கிறிஸ்துமசுக்கு மூவரும் கட்டாயம் வந்துவிடுங்கள், மாப்பிள்ளைக்கு இப்போதே லீவு கேட்கச் சொல். உங்கள் மூவருக்கும் மாதாவின் காவலும் எங்கள் ஆசீர்வாதமும் என்றும் உண்டு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நீ இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன், உனக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். வந்த அன்றே அம்மா உன்னைப் படத்துக்கு முன்னால் நிறுத்திக் கேட்பாள். அவள் எங்கே விரல் வைக்கிறாளோ நீயும் அங்கேயே வை. என்னிடம் தனியாகக்கூட எதையும் சொல்லிவிடாதே மகளே.

உன் அப்பா,
வேதநாயகம்