கீழே நிற்பவர்களின் சம்மதம்

நிகோரா,

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கே நான் உயிரோடு இருக்கிறேன், உன் அம்மா மஸ்தூரா முழங்கால் வலியோடு இருக்கிறாள். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. உன் படத்தின் முன்னோட்டத்தைக் கோகந்து ஊர் முழுக்கக் கைபேசியில் பார்த்தாகிவிட்டது, இஸ்தான்புல் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொண்டது கன்னத்திலேயே தெரிகிறது. கடைசிக் காட்சியை இங்கே சந்தைத் திடலில் எடுக்கப் போவதாகவும், நீயே கயிற்றில் ஏறி நடக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். நம் வழக்கப்படி நான் கீழே நின்று சம்மதம் சொல்லவேண்டும், வர மனமில்லாவிட்டால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும், அதைக் கேமரா முன்னால் படித்துவிட்டு ஏறுவாய். இதுதானே நீ கேட்டது? பதிலைக் கடைசியில் சொல்கிறேன், அதுவரை பொறுமையாகப் படி.

போன வாரம் உமரலி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். நல்ல இடம் பார்த்து உட்காரவைத்தார்கள். பிலாவ் சோற்றில் கை வைக்கும் முன்னே நாவிதன் கபூர் எல்லாருக்கும் கேட்கும்படி, "வாத்தியாரே, படத்துல கயித்துமேல நடுங்கிக்கிட்டு நின்னு, அப்பன்கிட்ட அறை வாங்கி இறங்குறவன் நீங்கதானே? மீசையை மட்டும் கொஞ்சம் பெருசா ஒட்டிட்டாங்க போங்க!" என்றான். சிரிக்காத ஆள் இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆயுள் முழுக்க வடிவியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு மகள் தந்த பரிசு அது. பரவாயில்லை. என்னைக் கோழையாகக் காட்டியதை மன்னிக்கவும் மாட்டேன், அதற்காக அழவும் மாட்டேன். நான்கு தலைமுறை சர்க்கஸ் குடும்பத்தின் கதை என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறாய், அதில் என் அப்பாவைப் புனிதராக்கியிருக்கிறாய், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஏறுகிறவன் கீழே நிற்கும் வீட்டார் ஒவ்வொருவரிடமும் போய்ச் சம்மதமா என்று கேட்கவேண்டும், ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்லவேண்டும், ஒருவருக்காக இன்னொருவர் சொல்லக்கூடாது. இதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவரே தாத்தாதான், படத்தில் பெரிய வசனமாகவும் வைத்திருக்கிறாய். ரிஷ்தானில் ஒரு கல்யாண வீட்டில் கயிறு கட்டிய அன்று என்ன நடந்தது என்று மட்டும் அவர் உனக்குச் சொல்லவில்லை. என் அண்ணன் சோபிர் எல்லாரிடமும் கேட்டுவிட்டுக் கடைசியாகத் தன் மனைவி ஹோசியத்திடம் வந்தான். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன். அவள் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கூச்சல் போட்டார்கள். "அவளுக்கும் சம்மதந்தான்டா, பொம்பளை மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்காதே, ஏறு!" என்று தாத்தா கத்தினார். நான் பக்கக் கயிற்றைப் பிடித்திருந்தேன், என் காதால் கேட்டேன். அண்ணன் பாதிக்கு மேல் போகவில்லை. அதற்குப் பிறகுதான் நான் கயிற்றில் கால் வைக்காமல் விட்டேன். நடுங்கி அல்ல, அருவருத்து.

மண்ணள்ளிப் போட்ட கையோடு தாத்தா ஊரைக் கூட்டி, "அவ மனசுக்குள்ள சபிச்சா, அதான் என் பிள்ளை விழுந்தான்" என்றார். நாற்பதாம் நாள் காரியத்துக்குக்கூட ஹோசியத்தை வீட்டில் வைத்திருக்கவில்லை. அதைத்தான் நீ படமாக்கியிருக்கிறாய். அவள் வேடத்தை நீயே போட்டு, கயிற்றடியில் துப்பி, புருஷனைச் சபிக்கிறாய். நன்றாகத்தான் துப்புகிறாய். ஒப்பனைக்காரனுக்கு வேலையே இருந்திருக்காது, உனக்கு அவள் முகம்தான். ஏனென்றால், அவளைத் துரத்திய அன்று அவள் மடியிலிருந்து பிடுங்கிய குழந்தை நீ. பிள்ளை இல்லாத மஸ்தூராவின் கையில் உன்னைத் திணித்து, "இனிமே நீதான் இதுக்கு அப்பன், வாயைத் திறந்தே, உன்னையும் துரத்துவேன்" என்று என்னிடம் சொன்னவர்தான் உன் படத்துப் புனிதர். அவர் போய்ச் சேர்ந்தாயிற்று. எனக்கு இனி யாரிடமும் பயமில்லை.

இதை எழுத வேண்டாமென்று மஸ்தூரா காலைப் பிடிக்காத குறை. "அந்தப் பொண்ணு தாங்கமாட்டா, விட்டுடுங்க" என்று சமையலறையில் அழுதுகொண்டிருக்கிறாள். பெற்றவளை ஊர் பார்க்கச் சூனியக்காரியாக்கத் தெரிந்தவள் இதையும் தாங்கட்டும்.

நேற்று ரிஷ்தானுக்குப் போய் வந்தேன். துரத்தப்பட்டதிலிருந்து அவள் அங்கேதான் இருக்கிறாள், தந்தூர் அடுப்பில் ரொட்டி சுட்டு விற்கிறாள், முன்கை முழுக்கச் சூட்டுத் தழும்பு. பக்கத்து வீட்டுப் பெண் முன்னோட்டத்தை முன்பே காட்டிவிட்டாளாம். "பாத்தேன் தம்பி. தாவாங்கட்டை என்னோடது, வாய் உங்க அப்பாவோடது" என்றாள். நீ ஏறப் போவதைச் சொல்லி, உங்களுக்குச் சம்மதமா அண்ணி என்று கேட்டேன். மாவுக் கையை உதறிவிட்டு, "நீங்க எதுக்கு கேக்குறீங்க? ஏறுறவ வந்து கேக்கட்டும். இந்த வாட்டி எனக்காக யாரும் பேச வேண்டாம்" என்றாள். டீகூடத் தரவில்லை.

ஆகவே இதுதான் பதில். உனக்கு வேண்டியது என் சம்மதம் இல்லை. ஏறுவதாக இருந்தால் முதலில் ரிஷ்தான் போ. கேமராக்காரனைக் கூட்டிக்கொண்டு போகாதே, வெறுங்கையோடும் போகாதே. அவள் கதவைச் சாத்தினால் வாசலிலேயே நில், அவளும் அப்படி எங்கள் வாசலில் நின்றிருக்கிறாள். அவள் மாட்டேன் என்றால் கயிற்றை அவிழ்க்கச் சொல். அதை மீறி ஏறினால் நீ தாத்தாவின் பேத்தியேதான், அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. நீ உயிரோடு நீண்ட நாள் இருக்கவேண்டும் என்றுதான் தொழும்போதெல்லாம் கேட்கிறேன். கோபம் வேறு, அது வேறு. குளிர் காலத்தில் கழுத்தைத் திறந்து போட்டுக்கொண்டு அலையாதே.

கையெழுத்து கேட்டிருந்தாய். அப்பா என்று போட்டால் அந்தக் கிழவனுடைய பொய்யை நானும் சொன்னதாகும். சித்தப்பா என்று எழுதிப் பார்த்தேன், முதல் எழுத்துக்குமேல் கை ஓடவில்லை, அந்தத் தாளைக் கிழித்துவிட்டுத்தான் இதில் எழுதுகிறேன். தபால் ஆபீஸ் மூடுவதற்குள் போகவேண்டும். கீழே எதுவும் போடாமலே அனுப்புகிறேன்.