இறால் கம்பெனிக்காரர் இன்று வந்திருந்தார்

இன்று காலை அலுவலகக் கதவைத் திறந்ததும் ஐஸில் கிடந்த இறாலின் வாடை. ஆளைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது, உன்னைக் கொன்றவர் வந்திருக்கிறார் என்று. டாக்டர் மாரடைப்பு என்றுதான் எழுதினார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

ராமநாதபுரத்தில் நாம் இருவரும் வரி வக்கீல்களாகப் பலகை மாட்டிய இதே அறையில்தான், அன்று அவர் தன் மச்சினனோடு உன் எதிரில் உட்கார்ந்திருந்தார். உப்பூர்ப் பக்கம் இருந்த தன் இறால் கம்பெனியை, மச்சினன் பெயரில் தொடங்கிய, காகிதத்தில் மட்டுமே இருந்த ஒரு கம்பெனிக்கு அடிமாட்டு விலைக்கு விற்றதாகக் காட்ட வேண்டும். பிறகு அங்கிருந்து வெளியாருக்கு உண்மை விலைக்குக் கைமாற்ற வேண்டும். லாபத்துக்கு வரி கட்டாமலே அந்தக் காகிதக் கம்பெனியை மூடிவிட வேண்டும்.

"அண்ணே, இது யாவாரம் இல்ல, நாடகம். மாட்டிக்கிருவீக. நான் இதுக்கு வர மாட்டேன்" என்றாய்.

அவர் வேறு ஆளை வைத்துச் செய்தார். வரித் துறை பிடித்ததும், "வக்கீலம்மா சொல்லித்தான் செஞ்சேன்" என்று வாக்குமூலம் கொடுத்தார்.

நம் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வழக்குக் கட்டைத் திரும்ப வாங்கிப் போனார்கள். கோர்ட் வராந்தாவில் உன்னைக் கண்டால் பேச்சு நின்றது. "விடுடி, விசாரணையில தெரிஞ்சிரும்" என்று நீ என்னைத் தேற்றினாய். விசாரணை முடியும்வரை உன் நெஞ்சு தாங்கவில்லை. சாவு வீட்டுக்கு அவர் ரோஜா மாலையோடு வந்தார். அதை உன் மேலிருந்து எடுத்துத் தெருவில் எறிந்தது நான்தான்.

பிறகு காத்திருந்தேன். கம்பெனிக்காரர் அடுத்ததாக மச்சினன் தலையில் பழியைக் கட்டப் பார்த்தார். மச்சினன் மிரண்டு என்னிடம் ஓடி வந்தார். அந்த வழக்கை எடுத்தேன். அதிகாரிகள் முன்னால் அவர் உண்மையைச் சொன்னார்: "அந்தம்மா வேணாம்னுதான் சொன்னாக. நான் பக்கத்துலதான் இருந்தேன்." உன் பெயர் துலங்கியது. கம்பெனிக்காரர் மேல் குற்ற வழக்கு பாய்ந்தது.

இன்று கைகூப்பி நின்றார். "இந்த மாதிரிக் கேஸு உங்கள விட்டா யாருக்கும்மா தெரியும்? நீங்கதான் காப்பாத்தணும்."

"தெரிஞ்சவ ஒருத்தி இங்கன இருந்தா. அவளத்தான் சாகடிச்சுப்புட்டீகளே. போங்க."

படியிறங்கும்போது தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்திருக்கவில்லை.

நீயாக இருந்தால் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருப்பாய். நீ சொல்லித் தந்த சட்டமெல்லாம் என்னிடம் இருக்கிறது. அந்த மனசு மட்டும் வரவில்லை. வர வேண்டும் என்ற ஆசையும் இல்லை. தீர்ப்பு நாளில் அவர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்காரப் போகிறேன், உன் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு.