முட்டை வெள்ளையின் மேல் ஒரு பெயர்

லோதேவ், 1757 மார்ச் 4, வெள்ளி

குருவானவர் வெர்னேத் அவர்களின் உருவப்படம் இன்று நிறைவுற்றது. கன்னங்களின் ரோஜாச் சிவப்பும், மேலங்கிப் பின்னலில் நுரையெனத் ததும்பும் வெண்மையும் எவரிடமும் பயிலாத என் கையால் விளைந்தவை. அண்ணன் அன்செல்ம் பின்புறத் திரைச்சீலையை மட்டும் தீட்டினார்.

எண்ணெய் வண்ணம் உள்ளூர உலரப் பல மாதங்களாகும். அதுவரை வார்னிஷ் இடலாகாது. தற்காலிக மினுமினுப்புக்கு முட்டை வெள்ளையைப் பூசினேன். இலையுதிர் காலத்தில் அதை நீரால் கழுவி, என் பெயரை எழுதி, அது அழியாதபடி மேலே வார்னிஷ் இடுவேன்.

வெர்னேத் சாமி வீட்டுச் சமையற்காரி ஜிலெத் சும்மா இருக்கவில்லை. "தவக்கால நோன்புல முட்டையா! வெள்ளைக்கரு சாமி மூஞ்சிக்கு, சரி. மஞ்சக்கரு யாரு வயித்துக்கு?"

அண்ணன் சிரித்தார். "முகம் வரைஞ்சது நீ, பேரும் உன்னோடதுதான் கிளெமான்ஸ். பாஸ்கு பண்டிகை அன்னைக்கு ஆயர்கிட்ட நானே சொல்றேன்."

சாமியும் சரியென்று தலையசைத்தார். மறைமாவட்டத் தலைவரான ஆயர் அறிந்தால் தம் படம் வரையும் வேலையையும் என்னிடமே ஒப்படைப்பார். என் பெயரைத் தேடி வரும் முதல் வேலை!

மார்ச் 27, ஞாயிறு

ஆயர் வருவது உறுதி. சாம்பல் நிற ஆடையின் கழுத்துப்பட்டையை மாற்றித் தைத்தேன்.

ஏப்ரல் 10, பாஸ்கு ஞாயிறு, உயிர்ப்புத் திருநாள்

ஆயர் முன்னிலையில் படத்தை மூடியிருந்த துணி விலகியது. கீழ்மூலையில், சிவப்பெழுத்தில் — அன்செல்மின் பெயர். ஆயர் அவர் தோளைத் தட்டினார். தம் படத்தையும் அவரிடமே ஒப்படைத்தார்.

நான் சாமியை நோக்கினேன். அவர் தமது மூக்குப்பொடி டப்பியின் மூடியை வெகு கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஏன் அண்ணா?" என்றேன், வெளியே வந்ததும்.

"பொம்பளைகூட தனியா உக்கார்ந்து படம் வரைஞ்சுக்கிட்டார்னு ஊரு பேசும்டி. சாமிக்கும் இதுதான் சம்மதம். மூஞ்சியைத் தூக்காதே, புதுக் கவுன் வாங்கித் தர்றேன்."

கவுனாம்! ரெண்டு பேரும் சேர்ந்துதானே செஞ்சிருக்காங்க. அந்தத் தலையசைப்பு எதுக்கு? அத்தனை நாள் அந்தக் கண்ணைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சேனே, எனக்கு ஒண்ணும் தெரியலையே...

ஏப்ரல் 11

அழுது ஓய்ந்தபின்தான் உறைத்தது: முட்டை வெள்ளையின் மேலல்லவா எழுதியிருக்கிறார்! படம் கழுவுவது பெண்கள் வேலையென்று ஒருநாளும் அருகில் நின்றதில்லை. கழுவினால் அழியுமென்று சொல்லலாமா?

சொல்லவில்லை.

அக்டோபர் 18, செவ்வாய்

ஆயரின் முகம் அண்ணனுக்கு அமையவில்லையாம். சுரண்டிச் சுரண்டி வரைகிறாராம். என்னை வரச்சொல்லி ஆளனுப்பினார். நான் போகவில்லை.

ஜிலெத் அழைத்ததற்குப் போனேன். "படத்துல சாமி மூஞ்சி மங்கிப்போச்சும்மா, கழுவி விடு."

நாற்காலியில் அமர்ந்து சாமி பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சு கீழ்மூலைக்கு வந்ததும், சிவப்பெழுத்துகள் உரிந்து நீரோடு போயின.

"ஐயோ, பேரு போச்சே! எழுதிடும்மா, மூலை வெறுமையா இருக்கக்கூடாது" என்று பதறினாள் ஜிலெத்.

தூரிகையைச் சிவப்பில் தோய்த்துக்கொண்டு கேட்டேன்: "யாருடைய பெயரை, சாமி?"

அவர் மூக்குப்பொடி டப்பியை எடுத்தார். மூடியை ஆராய்ந்தார்.

அந்த மௌனத்தை இம்முறை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். கிளெமான்ஸ் என்று எழுதினேன். நன்றாக உலர்ந்தபின் நானே வந்து வார்னிஷ் இடுவதாக ஜிலெத்திடம் சொல்லிவிட்டு வந்தேன்.